எந்த வாசல் வழியாக? டபிள்யூ.ஜி. கிரேஸ் ஆடிய ஊர்களில் ஒரு வாரம்

திங்கள்: லார்ட்ஸ்

லண்டனில் செயின்ட் ஜான்ஸ் வுட் ஸ்டேஷனில் இறங்கி வெலிங்டன் ரோட்டில் தெற்கே நடந்தால் வலப்பக்கம் லார்ட்ஸ் மைதானச் சுவர் கூடவே வரும். அது முடிகிற முனையில் வலப்பக்கம் திரும்பினால் செயின்ட் ஜான்ஸ் வுட் ரோடு. அதில் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது கிரேஸ் கேட்ஸ். ஸ்டேஷனிலிருந்து மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. 1923இல் எம்.சி.சி. (லார்ட்ஸ் மைதானத்தின் சொந்தக்காரரான மெரிலிபோன் கிரிக்கெட் கிளப்) எழுப்பிய வாசல் இது. கல்வெட்டில் பட்டம், பதவி, சாதனைப் பட்டியல் எதுவும் கிடையாது. பெயர், ஆண்டுகள், "மாபெரும் கிரிக்கெட் வீரர்" என்ற ஒரே அடைமொழி. அவ்வளவுதான்.

வில்லியம் கில்பர்ட் கிரேஸ், 1848–1915. குளோஸ்டர்ஷயர் கவுண்டி ஆட்டக்காரர், தொழிலால் டாக்டர், கணக்கில் கடைசிவரை அமெச்சூர். முதல்தர ஆட்டத்தில், அதாவது உயர்மட்ட அணிகள் பல நாள் மோதும் ஆட்டத்தில், 1865 முதல் 1908 வரை ஆடினார். பழைய கணக்குப்படி 54,896 ரன், 126 சதம், 2,876 விக்கெட். புதிய கணக்கில் 54,211 ரன், 124 சதம், 2,809 விக்கெட். எந்தெந்த ஆட்டங்களை முதல்தரமாக எடுத்துக்கொள்வது என்பதில் உள்ள தகராறுதான் வித்தியாசத்துக்குக் காரணம். இரண்டு புத்தகங்களில் இரண்டு எண் இருந்தால் அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.

உள்ளே போக, வழிகாட்டியோடு சுற்றும் டூர் டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டி எடுக்க வேண்டும். பெரிய ஆட்டங்கள் நடக்கும் நாள்களில் டூர் கிடையாது. ஜூன், ஜூலையில் போகிறவர்கள் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே லார்ட்ஸ் நாள்காட்டியைப் பார்த்துவிடுவது நல்லது. பெவிலியன், லாங் ரூம், உடைமாற்றும் அறைகள், அருங்காட்சியகம் எல்லாம் காட்டுவார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. கிரேஸை ஆர்ச்சிபால்ட் ஸ்டூவர்ட்-வொர்ட்லி 1890இல் வரைந்த படம் எம்.சி.சி.யின் சேகரிப்பில் உள்ளது. எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்பது மாறலாம், வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படத்தில் தாடியைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது இடது கால். குதிகால் தரையில் ஊன்றியிருக்க, நுனி மேலே தூக்கியிருக்கும். பந்து வரும் முன் எடை முழுவதும் பின்காலில் இருந்தது என்று அதற்கு அர்த்தம்.

இந்த வாரம் முழுக்கப் பார்க்கப்போகும் விஷயம் இங்கேயே ஆரம்பிக்கிறது. அமெச்சூர் என்றால் காசு வாங்காமல் ஆடுபவர், தொழில்முறைக்காரர் என்றால் சம்பளத்துக்கு ஆடுபவர். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். மைதானத்தில் அந்தப் பிரிவினை கட்டடத்திலேயே இருந்தது. இரு சாராருக்கும் தனித்தனி உடைமாற்றும் அறை, பல மைதானங்களில் களத்துக்குள் இறங்கத் தனித்தனி வாசல். ஸ்கோர் அட்டையிலும் அதே கதை: அமெச்சூருக்கு முதலெழுத்து முன்னால், தொழில்முறைக்காரருக்கு முதலெழுத்து பின்னால். இந்த வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீடித்தது. மிடில்செக்ஸ் இளைஞர் ஃபிரெட் டிட்மஸ் பெயரின் முதலெழுத்துகளை அட்டையில் தவறிப்போய் முன்னால் அச்சிட்டதற்காக, அவை பின்னால் வர வேண்டும் என்று லார்ட்ஸ் ஒலிபெருக்கியில் திருத்தம் சொன்னார்கள். பிரிவினையை எடுக்கும் முடிவு 1962 நவம்பரில் வந்தது, 1963 தொடக்கத்தில் எம்.சி.சி. ஒப்புதல் கொடுத்தது.

1878இல் எம்.சி.சி. ஒரு தீர்மானம் போட்டது. கனவான் எவரும் கிரிக்கெட் ஆடி லாபம் பார்க்கக் கூடாது, செலவுத் தொகைக்கு மேல் வாங்குகிறவர் அமெச்சூர்களும் தொழில்முறைக்காரர்களும் லார்ட்ஸில் மோதும் ஜென்டில்மென்–பிளேயர்ஸ் ஆட்டத்தில் ஜென்டில்மென் பக்கம் ஆட முடியாது என்பது அதன் சாரம். யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்பது ஊருக்கே தெரியும். அடுத்த ஆண்டு, 1879இல், அதே லார்ட்ஸில் கிரேஸுக்கு 1,400 பவுண்டுக்கு மேல் நன்கொடை நிதி வழங்கினார்கள். விதியில் "செலவு" என்ற சொல்லுக்கு உச்சவரம்பு போடவில்லை, ரசிகர் திரட்டித் தரும் நிதியைப் பற்றி அது பேசவே இல்லை. ஓட்டையை அடைக்கத் தெரியாமல் விட்டதாகத் தோன்றவில்லை. கிரேஸ் வராவிட்டால் கேட்டில் காசு விழாது என்பது தீர்மானம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருந்தது.

1898 ஜூலை 18 அவருடைய 50ஆவது பிறந்தநாள். அந்த ஆண்டு ஜென்டில்மென்–பிளேயர்ஸ் ஆட்டத்தை அன்று தொடங்கும்படி லார்ட்ஸில் வைத்தார்கள். முதல் இன்னிங்ஸில் 43. இரண்டாவதில் அடிபட்ட காலோடு பின்வரிசையில் இறங்கி 31, ஆட்டமிழக்கவில்லை. கடைசி விக்கெட்டுக்கு எசெக்ஸ் வேகப்பந்து வீச்சாளர் கோர்ட்ரைட்டோடு நின்று, டிராவுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது கோர்ட்ரைட் அவுட்.

செவ்வாய்: ஓவல்

லார்ட்ஸிலிருந்து ஓவலுக்கு ஒருவரை வண்டியில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோன கதை 1878 ஜூனில் நடந்தது. குளோஸ்டர்ஷயரில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பில்லி மிட்விண்டர், லார்ட்ஸில் மிடில்செக்ஸுக்கு எதிராக ஆஸ்திரேலிய அணிக்கு ஆடத் தயாராக இருந்தார். அதே நாள் ஓவலில் சர்ரேக்கு எதிராக குளோஸ்டர்ஷயருக்கு ஆட்டம், ஆள் குறைவு. கிரேஸ் வந்து, இவன் எங்கள் கவுண்டிக்காரன் என்று பேசி, மிட்விண்டரைக் குதிரைவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இன்று அதே பயணத்துக்கு ஜூபிலி லைனில் லண்டன் பிரிட்ஜ் போய் நார்தர்ன் லைன் பேங்க் கிளையில் மாறுங்கள், நேராக ஓவல் ஸ்டேஷன். வாட்டர்லூவில் மாறினால் கிட்டத்தட்ட எல்லா ரயிலும் பேட்டர்சீ போகிறது. கென்னிங்டனில் இறங்கி மறுபடி மாற வேண்டிவரும்.

ஓவலில் கிரேஸின் கதை மூன்று இடத்தில் கனக்கிறது. 1866இல், 18 வயதில், இங்கிலாந்து அணிக்காக சர்ரேக்கு எதிராக 224, ஆட்டமிழக்காமல். அந்த ஆட்டத்தின் நடுவிலேயே அனுமதி வாங்கிக்கொண்டு கிரிஸ்டல் பேலஸ் போய் 440 கெஜத் தடை ஓட்டத்தில் ஜெயித்துவிட்டு வந்தார். பிற்காலத்துத் தொப்பையை மட்டும் படத்தில் பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். 1880 செப்டம்பரில், இங்கிலாந்து மண்ணில் நடந்த முதல் டெஸ்டில், 152. இங்கிலாந்துக்காக அடிக்கப்பட்ட முதல் டெஸ்ட் சதம் அது. அண்ணன் ஈ.எம்., தம்பி ஃபிரெட் இருவரும் அதே அணியில். ஆட்டம் முடிந்து இரண்டு வாரத்தில் ஃபிரெட் இறந்துபோனார்.

மூன்றாவது, 1896 ஆகஸ்ட். டெஸ்டில் ஆடும் தொழில்முறைக்காரருக்கு அப்போது 10 பவுண்டு. லோமன், கன், ஏபல், ஹேவார்ட், ரிச்சர்ட்சன் ஆகிய ஐவரும் 20 கேட்டார்கள், இல்லாவிட்டால் ஓவல் டெஸ்டில் ஆட மாட்டோம் என்றார்கள். அமெச்சூர்கள் செலவுக் கணக்கில் எங்களைவிட அதிகம் வாங்குகிறார்கள் என்பது பத்திரிகைகளில் அடிபட்டது. சர்ரே நிர்வாகம் பதில் அறிக்கை விட்டது: டாக்டர் கிரேஸ் லண்டன் வந்து மூன்று நாள் தங்குவதற்கான செலவாக ஆட்டத்துக்கு 10 பவுண்டு பெற்றார், அதற்கு மேல் ஒரு ஃபார்திங்கும் (கால் பென்னி) நேராகவோ மறைமுகமாகவோ பெறவில்லை. இந்த அறிக்கையை இரண்டு தடவை படிக்க வேண்டும். சம்பளக்காரருக்கு 10, சம்பளம் வாங்காதவருக்கும் 10. சம்பளக்காரர் அந்தப் பத்திலிருந்தே ரயில் டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏபல், ஹேவார்ட், ரிச்சர்ட்சன் மூவரும் பின்வாங்கி ஆடினார்கள், லோமனும் கன்னும் ஆடவில்லை. கேட்ட 20 பவுண்டு சில ஆண்டுகளில் கிடைத்தது.

மைதானத்தின் முக்கிய வாசலுக்குப் பெயர் ஹாப்ஸ் கேட்ஸ். கிரேஸின் 126 சதங்களை 1925இல் தாண்டிய ஜாக் ஹாப்ஸ் சர்ரேயின் சம்பளக்காரர். லார்ட்ஸில் ஒரு அமெச்சூர் பெயரிலும் ஓவலில் ஒரு தொழில்முறைக்காரர் பெயரிலும் வாசல் இருப்பது லண்டனுக்கு ரொம்பப் பொருத்தம்.

புதன்: கேன்டர்பரி

செயின்ட் பேங்க்ராஸிலிருந்து கேன்டர்பரி வெஸ்டுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். டிக்கெட் எடுக்கும்போது அதிவேகப் பாதைக்குச் செல்லுபடியாகுமா என்று பார்க்க வேண்டும். விக்டோரியா வழி சாதாரண டிக்கெட்டோடு இந்த ரயிலில் ஏறினால் வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள். செயின்ட் லாரன்ஸ் மைதானம் ஊருக்குத் தென்கிழக்கே, ஓல்ட் டோவர் ரோட்டில் இருக்கிறது. கேன்டர்பரி ஈஸ்ட் ஸ்டேஷன்தான் அதற்குப் பக்கம். வெஸ்டில் இறங்கினால் ஊரைக் குறுக்கே கடந்து நடக்க வேண்டும், கதீட்ரலையும் பார்ப்பதாக இருந்தால் அதுவே சௌகரியம்.

எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே ஒரு பெரிய லிண்டன் மரத்தை வைத்துக்கொண்டு முதல்தர கிரிக்கெட் நடந்த மைதானம் இது. பந்து மரத்தில் பட்டால் நாலு. அந்தக் கிழ மரம் 2005 ஜனவரிக் காற்றில் சாய்ந்தது. இப்போது நிற்பது அதற்குப் பதிலாக வந்த சிறிய மரம். ஊட்டியில் பிறந்த காலின் கௌட்ரி ஆடி வளர்ந்த மைதானமும் இதுதான். கென்ட்டின் கேப்டனாக இருந்த அவரும் 1962 முடியும்வரை அமெச்சூர்தான்.

இங்கே 1876 ஆகஸ்ட் 11, 12 இரண்டு நாளும் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கென்ட் 473. எம்.சி.சி. 144க்குச் சுருண்டது. அந்தக் காலச் சட்டப்படி 80 ரன் பின்தங்கினாலே ஃபாலோ-ஆன் (உடனே மறுபடி மட்டை பிடிப்பது), அதுவும் கட்டாயம். எதிரணி கேப்டன் விரும்பினால்தான் என்ற பேச்சுக்கே இடமில்லை, அந்த உரிமை 1900இல்தான் வந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் கிரேஸ் மறுபடி இறங்கினார். ஆட்டம் போனது போலத்தான், சீக்கிரம் அடித்துவிட்டு அவுட்டாகி ரயிலைப் பிடிக்கலாம் என்ற கணக்கு. திங்கள்கிழமை பிரிஸ்டலில் கவுண்டி ஆட்டம் இருந்தது. அன்று மாலை ஆட்டம் நிற்கும்போது 133. சனிக்கிழமையும் தொடர்ந்து ஆடி 344. முதல்தர கிரிக்கெட்டின் முதல் முச்சதம். எம்.சி.சி. 9 விக்கெட்டுக்கு 557, ஆட்டம் டிரா.

இந்த 344ஐ இன்றைய அளவுகோலில் வைக்கக் கூடாது. ஓவருக்கு அப்போது நாலு பந்து. பந்து கயிற்றைத் தாண்டிப் பறந்தாலே ஆறு என்பது 1910இல் வந்த விதி, அதற்கு முன் மைதானத்தை விட்டே வெளியே போனால்தான் ஆறு. டிக்ளேர் செய்வது, அதாவது விக்கெட் மிச்சமிருக்கும்போதே இன்னிங்ஸை முடித்துக்கொள்வது, 1889வரை சட்டத்திலேயே இல்லை. எவ்வளவு அடித்தாலும் பத்து விக்கெட் விழும்வரையோ நேரம் முடியும்வரையோ ஆடியே தீர வேண்டும். கிரேஸுக்கு அது தண்டனையாகப் படவில்லை.

வியாழன்: பிரிஸ்டல்

கேன்டர்பரியிலிருந்து பிரிஸ்டலுக்கு நேரடி ரயில் கிடையாது. செயின்ட் பேங்க்ராஸ் வந்து, சர்க்கிள் அல்லது ஹாமர்ஸ்மித் லைனில் பேடிங்டன் போய், அங்கிருந்து டெம்பிள் மீட்ஸ். கடைசிக் கட்டம் மட்டும் சுமார் ஒரு மணி நாற்பது நிமிடம். முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் லண்டனுக்குள் டியூப் மாறுவதும் அதிலேயே அடங்கும். தனித்தனி டிக்கெட்டாக எடுத்து, முதல் ரயில் தாமதமாகி, பேடிங்டனில் குறிப்பிட்ட ரயிலைத் தவறவிட்டால் மலிவு டிக்கெட் வீண். அரை மணி நேரமாவது இடைவெளி விட்டுப் போடுங்கள். கிரேஸுக்குக் கிடைத்தது சனி மாலை முதல் திங்கள் காலைவரை.

திங்கள், 1876 ஆகஸ்ட் 14: கிளிஃப்டன் கல்லூரி மைதானம், நாட்டிங்ஹாம்ஷயருக்கு எதிராக 177. இது தனியார் பள்ளி வளாகம், உள்ளே நுழைய அனுமதி வேண்டும். சுற்றியுள்ள தெருவிலிருந்தே மைதானம் நன்றாகத் தெரியும். பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் மிருகக்காட்சிசாலை நிறுத்தத்தில் இறங்கச் சொல்லியிருக்கும். அந்த மிருகக்காட்சிசாலை 2022இல் மூடப்பட்டது, கேட்டால் பஸ்காரருக்குப் புரியும் என்பதால் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை. குளோஸ்டர்ஷயருக்காக கிரேஸ் இந்த மைதானத்தில் மட்டும் 13 முதல்தர சதங்கள் அடித்தார். 1899இல் ஏ.இ.ஜே. காலின்ஸ் என்ற 13 வயது மாணவன் விடுதிகளுக்கு இடையிலான ஆட்டத்தில் 628 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றதும் இந்த வளாகத்தில்தான். அதற்கு ஒரு பலகை உண்டு.

அடுத்து ஸ்டேப்பிள்டன் ரோடு. பார்க்க ஒன்றும் மிச்சமில்லை, ஆனால் அமெச்சூர் கணக்குப் புரிய வேண்டுமானால் இந்தத் தெருவை விட முடியாது. கிரேஸ் 1868இல் பிரிஸ்டலில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். தேர்ச்சி பெற்றது 1879 நவம்பரில். பதினோரு ஆண்டு! அந்தப் பதினோரு ஆண்டில்தான், 1871இல், ஒரே பருவத்தில் 2,739 ரன், சராசரி 78.25, பத்து சதம். தேர்ச்சிக்குப் பிறகு இந்தத் தெருவில் மருத்துவமனை வைத்தார். அதற்கான பணம் லார்ட்ஸில் கொடுத்த அந்த நிதியிலிருந்து வந்தது. கோடை முழுக்க மைதானத்தில் இருப்பவர் நோயாளிகளை எப்போது பார்ப்பது? பதிலுக்கு ஒரு மாற்று டாக்டரை வைத்தார்கள், அவருக்கான செலவுக்கு கவுண்டி கிளப் கைகொடுத்தது. கிளப் கணக்கில் இது சம்பளம் ஆகாது.

வெளிநாட்டுப் பயணத்தில் இந்த வித்தை இன்னும் வெளிப்படை. 1873 அக்டோபரில் ஆக்னஸை மணந்துகொண்டு, தேனிலவாக மனைவியோடு ஆஸ்திரேலியாவுக்கு அணியைக் கூட்டிக்கொண்டு போனார். கிரேஸுக்கு 1,500 பவுண்டு, செலவு தனி. அணியின் தொழில்முறைக்காரர்களுக்குக் கைச்செலவையும் சேர்த்துத் தலைக்கு 170. கப்பலில் அமெச்சூர்கள் முதல் வகுப்பு, இவர்கள் இரண்டாம் வகுப்பு. பந்து வீசிக் களைத்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகுப்புக்காரர்கள். 1891–92இல் லார்ட் ஷெஃபீல்ட் அழைத்துப் போனபோது கிரேஸின் தொகை 3,000 ஆகிவிட்டது, குடும்பச் செலவும் ஷெஃபீல்டின் பொறுப்பு.

பிற்பகல் ஆஷ்லி டவுன். 2024 செப்டம்பரில் இங்கே ரயில் நிலையம் திறந்துவிட்டார்கள், டெம்பிள் மீட்ஸிலிருந்து சில நிமிடம். வண்டி மணிக்கு ஒன்றுதான் என்பதால் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து நெவில் ரோடு மைதானம் சுமார் பத்து நிமிட நடை. பக்கத்தில் கோட்டை மாதிரி நிற்கும் பெரிய சாம்பல் கட்டடங்கள் ஜார்ஜ் முல்லர் கட்டிய அனாதை இல்லங்கள், இப்போது மக்கள் குடியிருக்கிறார்கள். கிளப் இந்த மைதானத்துக்கு வந்தது 1889இல். இப்போது இதை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே போகும் யோசனை இருக்கிறது, பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

1895 மே 17, இங்கே சாமர்செட்டுக்கு எதிராக கிரேஸின் நூறாவது சதம். நூறைத் தொட வைத்த பந்தை வீசியவர் நண்பர் சாமி வுட்ஸ். அது ஃபுல் டாஸ், தரையில் படாமல் நேரே மட்டைக்கு வரும் சுலபமான பந்து. சதத்தோடு நிற்காமல் 288 வரை போனார். அந்த மே மாதம் 9ஆம் தேதிதான் அவருக்குப் பருவமே தொடங்கியது, 30ஆம் தேதிக்குள் 1,016 ரன். மே மாதத்துக்குள் ஆயிரம் அடித்த முதல் ஆள், வயது 46. நாடு முழுக்க நிதி திரட்டினார்கள். டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை வாசகரிடம் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கேட்டது. எல்லாம் சேர்ந்து 9,000 பவுண்டைத் தாண்டியது. ஆட்டத்துக்கு 5 பவுண்டு வாங்கும் கவுண்டி ஆட்டக்காரர் ஒருவர் அந்தத் தொகையைப் பார்க்க 1,800 ஆட்டம் ஆட வேண்டும்.

இதே குளோஸ்டர்ஷயரில் பிற்காலத்தில் வாலி ஹாமண்ட் எதிர்த் திசையில் போனார். தொழில்முறைக்காரர் இங்கிலாந்து அணிக்குக் கேப்டன் ஆக முடியாத காலம். டயர் நிறுவனம் ஒன்றில் பதவி ஏற்று, 1938இல் அமெச்சூராக மாறி, அதே கோடையில் கேப்டன் ஆனார். மட்டையும் அதேதான், கவர் டிரைவும் அதேதான்.

வெள்ளி: டவுன்எண்ட்

பிரிஸ்டல் நகர மையத்திலிருந்து ஃபிஷ்பாண்ட்ஸ் வழியாகப் போகும் பஸ். கார்டைத் தட்டினால் போதும், சில்லறை வேண்டாம். காலை, மாலை நெரிசலில் ஃபிஷ்பாண்ட்ஸ் ரோடு ஊர்ந்துதான் நகரும், பத்து மணிக்கு மேல் ஏறுங்கள். கிரேஸ் பிறந்த டவுன்எண்ட் ஹவுஸில் பலகை இருக்கிறது. அவர் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அதே ஊரில் 'தி செஸ்ட்நட்ஸ்' என்ற வீட்டுக்கு மாறியது. டவுன்எண்ட் கிளப் ஆடும் மைதானம் அவருடைய நினைவு மைதானமாக 1922இல் வந்தது. சனிக்கிழமைகளில் ஆட்டம் நடக்கும், வேலிக்கு வெளியே நின்று யாரும் பார்க்கலாம்.

அப்பா ஹென்றி டாக்டர், மாமா ஆல்ஃபிரெட் போக்காக் பயிற்சியாளர். வீட்டுத் தோட்டத்தில் பிட்ச். டான், போன்டோ, நோபிள் என்று மூன்று நாய்கள் ஃபீல்டிங். இதில் ஆட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மூத்தவர் ஈ.எம். சிறுவயதில் பெரியவர்கள் மட்டையோடு ஆடினார். எடை தாங்காமல் மட்டையைக் குறுக்கே வீசப் பழகி, அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. தப்பைப் பார்த்த மாமா, அடுத்தவர் டபிள்யூ.ஜி.க்கு அவர் உயரத்துக்கு ஏற்ற மட்டையைக் கொடுத்து, முதலில் நேர் மட்டையில் தடுக்கக் கற்றுக்கொடுத்தார். முன்காலிலும் பின்காலிலும் சரிசமமாக ஆடக்கூடியவர் என்ற பெயருக்கு அடித்தளம் அதுதான். பிள்ளைக்கு இரண்டு வருஷம் தாங்கட்டும் என்று பெரிய மட்டை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் கவனிக்கலாம்.

சனி: செல்டன்ஹாம்

டெம்பிள் மீட்ஸிலிருந்து செல்டன்ஹாம் ஸ்பா முக்கால் மணி நேரம். ஸ்டேஷன் ஊருக்கு மேற்கே தள்ளி இருக்கிறது. பக்கத்திலேயே தொடங்கும் ஹனிபோர்ன் லைன் பழைய ரயில் பாதை, இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும். அது நகர மையத்துக்குக் கொண்டுபோகும். நேரே கல்லூரி மைதானம் போவதானால் பாத் ரோடு பக்கம் கேட்டுக்கொண்டு நடங்கள், அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறை கவுண்டி இங்கே கூடாரம் அடித்து ஆடும். முதல் கவுண்டி ஆட்டம் 1872இல். வாரக் கணக்கில் ஆடும் திருவிழாவாக மாறியது 1878இல். கிரேஸ் காலத்தில் அது ஆகஸ்ட். இப்போது பெரும்பாலும் ஜூலையிலேயே வருகிறது, அட்டவணை பார்க்காமல் ஆகஸ்டில் போய் நின்றால் வெறும் பள்ளி மைதானம்தான் இருக்கும். நிரந்தர ஸ்டாண்ட் இல்லாததால் நிழலுக்கு உத்தரவாதமில்லை. இரட்டைக் கோபுரம் வைத்த பழைய உடற்பயிற்சிக் கூடம்தான் பெவிலியன்.

பிரிஸ்டலில் நாட்டிங்ஹாம்ஷயர் ஆட்டம் முடிந்து, 1876 ஆகஸ்ட் 17 வியாழன் இங்கே யார்க்ஷயர். கிரேஸ் முதல் ஆளாக இறங்கி 318, ஆட்டமிழக்கவில்லை. அணி மொத்தம் 528. 344, 177, 318: எட்டே நாளில் மூன்று இன்னிங்ஸ், 839 ரன், ஒருமுறை அவுட்டே இல்லை. இந்த மூன்று ஊரையும் ரயிலில் கடந்து வந்தவர்களுக்கு ரன்னைவிட அந்த இடைவெளிகள்தான் மலைப்பாக இருக்கும். எதிரணியில் பந்து வீசிய யார்க்ஷயர்காரர்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள். பருவம் முடிந்தால் வருமானம் நின்றுவிடும். குளிர்காலத்துக்கும் வாரச் சம்பளம் என்ற ஏற்பாட்டை லார்ட் ஹாக் யார்க்ஷயரில் கொண்டுவர இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் இருந்தது. அதைச் செய்தவரும் ஒரு அமெச்சூர் கேப்டன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிறு: தென்கிழக்கு லண்டன்

ஞாயிற்றுக்கிழமை ரயில் பாதைப் பராமரிப்பு நாள். கிளம்புவதற்கு முன்பே நேஷனல் ரயில் தளத்தில் பார்த்துவிடுங்கள். "மாற்றுப் பஸ்" என்று போட்டிருந்தால் நேரத்தை இரண்டு மடங்காகக் கணக்குப் போடலாம்.

முதலில் கிரிஸ்டல் பேலஸ். கண்ணாடி மாளிகை 1936 நவம்பரில் எரிந்துபோனது. மேல்தளப் படிக்கட்டுகளும் டைனோசர் சிலைகளும் மிச்சம். கிரேஸ் இங்கே வந்தது 1899இல், கிரிஸ்டல் பேலஸ் நிறுவனம் தொடங்கிய லண்டன் கவுண்டி கிளப்பின் செயலாளராக, ஆண்டுக்கு 600 பவுண்டு. எந்தெந்த ஆட்டத்துக்கு வருவீர்கள் என்று குளோஸ்டர்ஷயர் கமிட்டி கேட்டதும் கோபத்தில் ராஜினாமா. பிறந்த கவுண்டி மேல் பெரும் பாசம், கமிட்டி மேல் பெரும் அவமதிப்பு என்று கடிதத்தில் எழுதினார். முப்பது ஆண்டு கட்டிய உறவு ஒரே கடிதத்தில் போயிற்று. கமிட்டி கேட்டது நியாயமான கேள்வி. 600 பவுண்டு நிர்வாக வேலைக்கான சம்பளம், ஆடுவது இலவசம் என்பதால் அமெச்சூர் தகுதி அப்படியே இருந்தது. இந்த வழியைப் பிற்காலத்தில் பல கவுண்டிகள் பிடித்துக்கொண்டன. 1950களில் எசெக்ஸின் டிரெவர் பெய்லி கிளப்பின் சம்பளச் செயலாளர், களத்தில் அமெச்சூர். லண்டன் கவுண்டிக்கு 1904க்குப் பிறகு முதல்தரத் தகுதி இல்லை. கிரேஸ் அதற்குள் பந்துருட்டும் 'போல்ஸ்' விளையாட்டுக்குத் தாவி, 1903இல் இங்கிலீஷ் போலிங் அசோசியேஷனின் முதல் தலைவரும் ஆகிவிட்டார்.

கிரிஸ்டல் பேலஸ் ஸ்டேஷனிலிருந்து பெக்கன்ஹாம் ஜங்ஷன் ரயிலில் ஒரே நிறுத்தம், பர்க்பெக். அங்கே ரயிலும் டிராமும் அடுத்தடுத்து நிற்கும். ரயிலில் வந்தவர்கள் இறங்கும்போதும் கார்டைத் தொட வேண்டும், டிராமில் வந்தவர்கள் ஏறும்போது மட்டும். மாற்றிச் செய்தால் காசு தேவையில்லாமல் பிடித்துவிடும். எல்மர்ஸ் எண்ட் ரோட்டில் உள்ள கல்லறைத் தோட்டம் நடக்கும் தூரம். 1899இல் டைஃபாய்டில் இறந்த மகள் பெஸ்ஸி, 1905இல் இறந்த மூத்த மகன் இருவரும் இருக்கும் குடும்பக் கல்லறையில்தான் கிரேஸும் இருக்கிறார். கழிப்பறைக் குழாய்த் தொழிலில் பெயர்போன தாமஸ் கிராப்பரும் இதே தோட்டத்தில்தான். வாசலில் வழி கேட்டால் எந்தப் பிரபலம் என்று திருப்பிக் கேட்க வாய்ப்பு உண்டு.

கடைசியாக மாட்டிங்ஹாம். பர்க்பெக்கிலிருந்து நேரடி ரயில் இல்லை. லண்டன் பிரிட்ஜ் திரும்பி, சிட்கப் வழியாக டார்ட்ஃபோர்ட் போகும் வண்டியில் ஏறுங்கள். டார்ட்ஃபோர்டுக்கு வேறு பாதைகளிலும் வண்டி உண்டு, பலகையில் 'சிட்கப்' இருக்கிறதா என்று பார்த்தே ஏற வேண்டும். மாட்டிங்ஹாம் லேனில் ஃபேர்மவுண்ட் என்ற வீட்டில் நீலப் பலகை. 1909 முதல் அவர் இருந்த வீடு, உள்ளே பார்வையாளருக்கு அனுமதி இல்லை. டெஸ்டில் கடைசியாக 1899இல் டிரென்ட் பிரிட்ஜில், 50 வயதில். முதல்தர ஆட்டத்தில் கடைசியாக 1908 ஏப்ரலில் ஓவலில். அதற்குப் பிறகும் பக்கத்து எல்தம் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். 1914 ஜூலை 25, குரோவ் பார்க்கில், 66 வயதில் 69, ஆட்டமிழக்கவில்லை. அந்த ஆட்டத்துக்குச் செலவுத் தொகை வாங்கியதாக யாரும் எழுதவில்லை. அடுத்த மாதம், போர் தொடங்கிய பிறகு, கவுண்டி ஆட்டங்களை நிறுத்திவிட்டு ஆட்டக்காரர்கள் படையில் சேர வேண்டும் என்று 'ஸ்போர்ட்ஸ்மேன்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1915 அக்டோபர் 23இல் இந்த வீட்டிலேயே இறந்தார்.

ஒரே நாளில் இந்த மூன்றையும் முடிக்க வேண்டுமானால் காலை ஒன்பதரைக்குள் கிரிஸ்டல் பேலஸில் இருங்கள். கல்லறைத் தோட்டத்தின் கேட் குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடும், அதைக் கடைசிக்கு வைக்க வேண்டாம்.